ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு வராதே

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகம்தானே? ஞாயிற்றுக்கிழமை மலை ரயிலுக்கு நாலு சீட்டு வாங்கிவிட்டதாக நீ எழுதியது நேற்றுக் கிடைத்தது. ஜன்னலோரம் யாருக்கு என்று சின்னவள் இப்போதே சண்டை பிடிக்கிறாளாமே. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. நீங்கள் யாரும் வர வேண்டாம். போனில் சொல்ல நா எழவில்லை. அதனால்தான் உங்கள் பக்கம் வரும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாற்பது வருடம் துருப்பிடித்துக் கிடந்த வண்டியைச் சுற்றுலாவுக்காகப் புதுப்பித்து மணப்பெண் மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். பச்சை வர்ணம், பித்தளைக் கைப்பிடி, மெத்தை இருக்கை. பிரேக் என் பொறுப்பு. காலிப் பெட்டிகளோடு ஓட்டியபோது சொன்ன இடத்தில் நின்றது. செவ்வாயன்று இருக்கைக்கு ஒரு மணல் மூட்டை வைத்து, குகையைத் தாண்டி வரும் இறக்கத்தில் விட்டோம். பாலத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது பாலத்தின் நடுவில் போய் நின்றது. கீழே அதலபாதாளம்.

மேலாளரிடம் சொன்னேன். "மணல் கனம்ப்பா. மனுஷங்க அவ்வளவு கனமா இருப்பாங்களா?" என்றார். ஒவ்வொரு மூட்டையையும் நானே எடை போட்டுத்தான் ஏற்றினேன். ஓர் ஆள் எடைக்கு மேல் ஒரு கிலோ கிடையாது. காலி வண்டி நின்ற கணக்கையே ஆள் ஏற்றிய வண்டியின் கணக்காக எழுதிக் கையெழுத்துக் கேட்டார். போட்டுவிட்டேன். மூன்று வருடம் வேலையில்லாமல் உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். இது மாமா நாலு பேரிடம் பல்லைக் காட்டி வாங்கித் தந்த வேலை. இதையும் விட்டுவிட்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அப்போது மனதில் ஓடியது. வேறொன்றும் ஓடவில்லை.

சீட்டைத் திருப்பிக் கொடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கொடுக்காதே, அக்கா. கவுண்டரில் காத்திருப்போர் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. நீ கொடுத்த மறுநிமிடம் வேறு யார் வீட்டுச் சின்னவளோ அந்த ஜன்னலில் உட்கார்ந்துவிடுவாள். கிழித்துப் போடு.

கிழித்தாலும் மீதி இருக்கைகள் நிரம்பும். மேலாளர் அறைக் கதவுவரை நாலு தடவை போய்த் திரும்பிவிட்டேன். எனக்குத் துணிச்சல் இல்லை. இந்தக் கடிதத்தை மாமாவிடம் கொடு. எனக்காகக் கெஞ்சிய அதே வாசல்களில் ஏறி, என் மச்சான் பொய்க் கையெழுத்துப் போட்டான் என்று காட்டச் சொல். என் வேலை போகட்டும். ஜெயில் என்றாலும் போகிறேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

பிள்ளைகள் நூறு வயது இருக்க வேண்டும், அக்கா. எல்லார் வீட்டுப் பிள்ளைகளும்.

உன் தம்பி