ஏழாவது முளையில் நின்ற தண்ணீர்

ரங்கத்
14-9-73, வெள்ளி இரவு

என் அருமை பாலுவுக்கு அம்மாவின் அன்பும் ஆசியும். இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் விளக்கைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். பகலில் எழுதலாமென்றால் உன் தங்கை பக்கத்திலேயே இருக்கிறாள், இது அவள் கண்ணில் படக்கூடாத கடிதம். உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நாங்கள் மூவரும் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அப்பா ரோடு வேலைக்காகக் கதம்தலா கேம்ப்பில் இருக்கிறார், சனிக்கிழமைதோறும் வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுகிறார். மழை விட்டபாடில்லை. போன கப்பலில் நீ சந்திராவுக்கு அனுப்பிய ஜியோமெட்ரி பாக்ஸ் வந்து சேர்ந்தது, அதை வைத்துத்தான் இப்போது வீட்டில் வினையே வந்திருக்கிறது என்று சொன்னால் சிரிப்பாய், கடைசி வரை படித்துவிட்டுச் சிரி.

ஜூலையில் பள்ளிக்கூடத்துக்குப் புது சயன்ஸ் மாஸ்டர் வந்தார், பன்னீர்செல்வம் என்று பெயர், மெயின்லேண்டிலிருந்து நேராக இங்கே போட்டிருக்கிறார்கள். நீ படித்த காலத்தில் சயன்ஸ் என்றால் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதி மனப்பாடம் செய்வது, கண்ணாடி சாமான் இருந்த பீரோவை இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் திறப்பார்கள். இவர் வந்த வாரமே பீரோவைத் திறந்து வைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் சந்திரா பதினைந்து அடி ரப்பர் குழாயில் சிவப்பு மை கலந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து, ஒரு நுனியை என் கையில் கொடுத்து வாசலில் நிற்க வைத்து, மறு நுனியோடு கொல்லைப் பக்கம் போய், அம்மா எங்கே நின்றாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும் பாருங்கள் என்றாள். பார்த்தேன், நின்றது. திருச்சியில் இண்டர் இரண்டு வருஷம் பிசிக்ஸ் படித்தவள் நான், இதே விதியை நான்கு பக்கம் எழுதி மார்க் வாங்கினேன், ஆனால் தண்ணீர் மட்டம் பார்க்க என் கையில் யாரும் ஒரு குழாயைக் கொடுத்ததில்லை. அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சம்பளத்துக்கு மேல் ஒருவர் இவ்வளவு உழைத்தால் எதற்காக என்று மனசு கேட்கிறதே.

எதற்காக என்று ஆகஸ்டில் தெரிந்தது. மேட்டில் இருக்கும் ஊற்றிலிருந்து பிளந்த மூங்கில் வழியாகப் பள்ளிக்கூட டிரம்முக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டுமாம், பம்பு கிடையாது, அளவு எடுப்பது கணக்குப் போடுவது எல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்ய வேண்டுமாம். வழி நெடுகப் பதினான்கு முளை அடித்தார்கள், ஏழாவதும் எட்டாவதும் நம் பாக்குத் தோட்டத்துக்குள். முளைக்கு முளை ஊற்றைவிட எத்தனை சென்டிமீட்டர் தாழ்வு என்று குழாயை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதினார்கள், எழுதுகிறவள் சந்திரா. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, நீ அனுப்பிய பாக்ஸை வைத்து ஒரு படமும் போட்டார்கள். நம் வீடு, அடுப்படி, வேலி, பாக்கு மரம் அறுபத்திரண்டு, எல்லாம் அளவு பிசகாமல், தோட்டத்துக்கு நடுவே புள்ளி புள்ளியாக ஒரு கோடு, பக்கத்தில் உன் தங்கை தன் அழகான கையெழுத்தில் காட்டு எல்லை என்று எழுதியிருக்கிறாள். அந்தப் படம் அக்டோபரில் போர்ட் பிளேர் கண்காட்சிக்குப் போகிறதாம், பெரிய அதிகாரிகளெல்லாம் வந்து பார்ப்பார்களாம். நாம் இருக்கும் இடத்துக்குப் பட்டா இல்லை என்பது உனக்குத் தெரியும். சர்க்கார் வேலையில் இருப்பவர் காட்டு நிலத்தில் வீடு கட்டியிருக்கிறார் என்று காகிதத்தில் வந்தால் வீட்டோடு அப்பாவின் வேலையும் போகும். பக்கத்து வீட்டு மரகதம் வேலியோரம் நின்று, ஏ மதினி, ஒங்க புள்ளயே ஒங்க வீட்ட அளந்து குடுத்துட்டாளே, இனி நோட்டீஸ் எழுத வேத்து ஆளா வரணும் என்றாள். அவள் கிண்டலுக்குச் சொன்னாள், எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. முந்தின வருஷம் கொசு மருந்து அடிக்கிறவர்கள் சுவரில் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா, ஆறு மாதம் கழித்து அடுத்த தோட்டத்து மண்டல் வீட்டுக்கு வந்த காலி செய்யச் சொல்லும் நோட்டீஸில் வீட்டு எண் என்று அதே நம்பர்தான் இருந்தது. மருந்து என்று வந்தவன் கொண்டுபோனது நம்பர், பாடம் என்று வந்தவர் எதைக் கொண்டுபோவார் என்று நான் நினைத்தது தப்பா சொல். நேரே போய் அந்த மாஸ்டரையே கேட்டேன். படம் எங்கேயும் போகாதும்மா, பசங்க போட்டது பசங்களுக்குத்தான் என்றார். போர்ட் பிளேருக்குப் போகிறதே என்றேன். அது கண்காட்சி என்று சிரித்துவிட்டு, உங்க வீடு எந்த வருஷம் கட்டினது என்று கேட்டார். தண்ணீருக்கும் வீடு கட்டின வருஷத்துக்கும் என்ன சம்பந்தம். அவர் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீடு நில ஆபீஸ் குமாஸ்தா வீடு, சாயங்காலமானால் இரண்டு பேரும் கேரம் ஆடுகிறார்கள் என்று ஜெய்னுதீன் பாய் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

சந்திராவிடம் அந்தப் புள்ளிக்கோட்டை மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போடேன் என்று கெஞ்சினேன். அளந்தத மாத்தினா எப்படிம்மா, அப்புறம் எதுக்கு அளக்கறது என்று என்னையே கேட்டாள். படத்தை மாஸ்டர் பூட்டி வைத்திருக்கிறார், அளவு நோட்டு மட்டும் வீட்டுக்கு வரும். இனி எழுதப்போவதை நீ ஒருவன்தான் படிக்க வேண்டும் பாலு. அவள் குளிக்கப் போன நேரத்தில் நோட்டை எடுத்து, ஏழாவது முளைக்கு 92 என்று இருந்ததை ரப்பரால் அழித்து 42 ஆக்கினேன், எட்டாவது 98, அதை 48 ஆக்கினேன். தாழ்வு குறைந்தால் நம் தோட்டம் ஆறாவது முளையைவிட மேடு என்று ஆகும், தண்ணீர் ஏறாது என்று தெரிந்தால் வழியை மண்டல் வீட்டு ஓரமாகத் திருப்பிவிடுவார்கள், படத்திலும் நம் இடம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். படித்தவள் போட்ட கணக்கு. அந்த மனிதர் வழியைத் திருப்பவில்லை, மேடு என்றால் அங்கே மூங்கிலைத் தாங்குகிற கவைக்குச்சியைக் குட்டையாக வெட்டினால் போச்சு என்று வகுப்பிலேயே எல்லாக் குச்சியையும் நோட்டைப் பார்த்து வெட்ட வைத்துவிட்டார்.

சென்ற சனிக்கிழமை மூங்கில் போட்டார்கள், ஹெட்மாஸ்டர், பெற்றவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று தோட்டம் கொள்ளாத கூட்டம், உன் அப்பாவும் இருந்தார். ஏழாவது குச்சியை நட்டதுமே பிள்ளைகள், சார் இது தாழ்ந்து கிடக்குது என்றார்கள். கண்ணை நம்பாதே அளவை நம்பு என்றார் அவர். ஊற்றில் மடையைத் திறந்தார்கள், ஆறாவது முளை வரைக்கும் தண்ணீர் சத்தத்தோடு ஓடி வந்தது, ஏழாவதில் வந்து தேங்கி நிரம்பி மரகதத்தின் கோழிக்கூட்டில் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் நோட்டை வாங்கி விளக்குக்குப் பிடிக்கிற மாதிரி வெயிலுக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு குழாயில் காற்றுக் குமிழி இருந்திருக்கும், அளக்கிறபோது குமிழி இருந்தால் இப்படி ஆகும் என்று சொல்லி மூடிவிட்டார். குமிழி இல்ல சார், நான் மூணு தரம் தட்டிப் பார்த்தேன் என்று சந்திரா சொன்னது எனக்கு மட்டுந்தான் கேட்டது போலிருக்கிறது. அன்றிலிருந்து பிள்ளைகள் அவளை பபிள் ராணி என்று கூப்பிடுகிறார்கள். வரும் புதன்கிழமை மறுபடி அளக்கப் போகிறார்கள், குழாய் பிடிக்கவும் எழுதவும் ஜெய்னுதீன் பாய் மகள் ரஷீதாவைப் போட்டிருக்கிறார், போர்ட் பிளேருக்கும் அவள்தான். அந்தப் பெண் வந்து, எனக்கு வேணாம் சந்திரா, நீயே பண்ணு என்று சொன்னாளாம், இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினமும் சாயங்காலம் பழைய குழாயை எடுத்துக்கொண்டு ஆறாவது முளையிலிருந்து ஏழாவதுக்குத் தனியாக அளக்கிறாள், ஒரு நுனியை மரத்தில் கட்டிவிட்டு மறு நுனியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். கூட்டிப் பார்த்தால் எப்போதும் 92தான் வருகிறது, நோட்டில் 42 இருக்கிறது, என் கையே என்னை ஏமாத்துதும்மா, ஒன்பதாவதுல நான் சயன்ஸ் எடுக்கல என்று நேற்று சொன்னாள். நான் ரசத்தைத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்த மாஸ்டர் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ரப்பர் போட்ட தடம் வெயிலில் தெரியாமலா இருந்திருக்கும். தெரிந்தும் குமிழி என்று சொன்னாரென்றால் குழந்தையைக் காப்பாற்றச் சொன்னாரா, அல்லது அழித்தது யார், ஏன் என்று புரிந்துகொண்டு சமயம் பார்த்துக் கையில் வைத்திருக்கிறாரா. நல்ல எண்ணமாக இருந்தால் என்னை வந்து கேட்டிருக்க வேண்டாமா. இரண்டு தரம் வழியில் பார்த்தேன், இரண்டு தரமும் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, சொன்னால் முதலில் என்னைத் திட்டுவார், பிறகு படத்தைக் கிழிக்கக் கிளம்பிவிடுவார்.

ஆனாலும் இந்தக் குழந்தை தன் கையையே சந்தேகப்படுவதை என்னால் பார்க்க முடியவில்லை. புதன்கிழமைக்குள் அவளிடம் சொல்லிவிடப் போகிறேன், உன் அளவு சரி, அழித்தவள் நான் என்று. அவள் அதை மாஸ்டரிடம் சொல்லாமல் இருக்கமாட்டாள், ஏன் அழித்தேன் என்றும் வெளியே வரும், வரட்டும். ஆனால் அந்தப் படம் போர்ட் பிளேருக்குக் கிளம்புவதற்கு முன்பு எனக்கு ஒரு வழி வேண்டும், அதை நீதான் சொல்ல வேண்டும். போன வருஷம் நீ காலேஜ் சர்வே கேம்ப்பில் போட்ட படங்களைப் பற்றி எழுதியிருந்தாயே, ஊற்றிலிருந்து டிரம் வரைக்கும் நீளமும் உயரமும் மட்டும் காட்டி, யார் வீடு யார் தோட்டம் எங்கே எல்லை என்பது ஒன்றும் இல்லாமல் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்த மாதிரி வரைகிற முறை உண்டா, தண்ணீர்க் கணக்குக்கு அது போதுமா. போதுமென்றால் ஒரு மாதிரி வரைந்து அனுப்பு, நானே மாஸ்டர் முன்னால் கொண்டுபோய் வைத்துக் கண்காட்சிக்கு இதை அனுப்புங்கள், சந்திராவே போடட்டும் என்று கேட்கிறேன். அவர் சரியென்றால் அவர் எண்ணம் தண்ணீர், மாட்டேன் அந்தப் படம்தான் வேண்டும் என்றால் அவர் எண்ணம் வேறு, அப்போதே தெரிந்துபோகும்.

ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, வாரம் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளி, யாரை நம்பி எதில் கையெழுத்துப் போட்டாலும் படித்துவிட்டுப் போடு. கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். சந்திராவுக்குத் தனியாக எழுதினால் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், அதை என் வாயால்தான் அவள் கேட்க வேண்டும். கண்காட்சிப் பெட்டி அக்டோபர் பத்தாம் தேதி படகில் ஏறுகிறது. கப்பலுக்குக் காத்திராமல் விமானத் தபாலில் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா
ஜெயலட்சுமி