நெகேசாவுக்கு வாங்கிய கேக்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நைரோபியில் நான் சுகம்.

இந்த வருடம் எங்கள் அலுவலகப் பிரிவை விட்டுப் போகும் ஒன்பதாவது ஆள் நெகேசா. வங்கியில் வேலையாம். பொறாமையில் எனக்கு இரண்டு நாள் உகாலிக் களி இறங்கவில்லை.

நேற்று மேலாளர் கேக்கோடு வந்து, என் கையைக் குலுக்கி, "உன்னை மறக்கவே மாட்டோம்மா" என்றார். ஆறு வருடமாக அவரிடம்தான் வேலை செய்கிறேன். ஆனாலும் நான் நெகேசா இல்லை என்று திருத்தவில்லை.

"நீயே வெட்டுடி, அவருக்கு யாரா இருந்தா என்ன!" என்று நெகேசா காதோரம் சிரித்தாள். வெட்டினேன். ஒரு நிமிடம் நானே போகிறவளாக இருந்தேன்.

இன்று காலை லிஃப்டில் அவர் கேட்டார்: "புதுசா சேர்ந்திருக்கியாம்மா?"

"ஆமா சார்."

ஒமேனா கருவாடு அனுப்பு. கொஞ்சம் போதும், பங்குபோட இங்கே யாருமில்லை. பேருந்து வந்துவிட்டது.

உன் அவுவோர்