நான் சரிபார்க்காத ப்ரோக்ராம்

பிப்ரவரி 11, செவ்வாய்

சராசரிக் கணக்கில் எங்கள் குவாண்டம் கம்ப்யூட்டரின் கேட், அதாவது க்யூபிட் என்ற அதன் தகவல் துணுக்கைத் திருப்பும் கட்டளை, 99.9 சதவீதம் சரி என்று வருகிறது. டைரக்டர் விஸ்வேஸ்வரனுக்கு வாயெல்லாம் பல். எனக்கு நம்பிக்கையில்லை. அதே கேட்டை இருநூறு முறை தொடர்ந்து ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் க்யூபிட் தேவைக்குமேல் துளி கூடுதலாகத் திரும்புகிறது. ஒரு முறை ஓட்டினால் தெரியாது. இருநூறில் அப்பட்டமாகத் தெரிகிறது.

பிப்ரவரி 14

"எதனால?" என்றார் விஸ்வேஸ்வரன். க்யூபிட்டைத் திருப்பும் மைக்ரோவேவ் பல்ஸின் அளவில் தப்பிருக்காது. அந்த அளவை முடிவு செய்யும் ப்ரோக்ராம் நான் எழுதியது. "கேபிள்ல இருக்கலாம் சார்." இருக்கலாம் என்றுதான் சொன்னேன். பல்ஸைக் கொண்டுபோகும் கேபிளைப் போட்டவர் லூர்துசாமி. ஏழு வருடமாக ஒப்பந்த டெக்னீஷியன்.

பிப்ரவரி 28

லூர்துசாமியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என் மேசையருகே வந்து நின்றார். "கனெக்டர் ஒவ்வொண்ணும் பராபர் டைட் பண்ணேன் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க." பார்க்கிறேன் என்றேன். எதைப் பார்த்தேன்? சாங்வியில் என் வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மார்ச் 18

புதுக் கேபிள். அதே பிழை. அதே திசை.

மார்ச் 19

வேறு வழியில்லாமல் என் ப்ரோக்ராமைத் திறந்தேன். க்யூபிட்டை ஒரே ஒரு முறை திருப்பிப் பார்த்துப் பல்ஸ் அளவை முடிவு செய்கிறது. ஒரு முறையில் தெரியாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் எழுதியது! திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிழை போயிடுச்சு. ச்சே — என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 24

விஸ்வேஸ்வரனிடம் சொன்னேன். "கேபிள் மாத்தினதால சரியாச்சுன்னு ரிப்போர்ட் போயாச்சு. இப்ப எதுக்குக் கிளறுறீங்க?" பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருப்பதையும் போகிறபோக்கில் சொன்னார். அதற்குமேல் நான் பேசவில்லை. பேசாதே என்று அவர் சொல்லவும் இல்லை.

மார்ச் 30, குடி பாட்வா (மராத்திப் புத்தாண்டு)

காலையில் கட்கியில் லூர்துசாமி வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். இப்போது கடைகளுக்கு சிசிடிவி வயர் இழுக்கிறாராம். பக்கத்து வீட்டில் கொடுத்த ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பை அவர் மனைவி சாந்தகுமாரி பூரியோடு வைத்தார்.

"எரர் போச்சா சார்?"

"போச்சு."

பூரித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப என் கேபிள்தான். நான்தான் வீம்புக்கு இல்ல இல்லன்னு நின்னேன். மாஃப் பண்ணிடுங்க சார்."

பரவாயில்லை என்றேன்.