காகிதத்தில் குடியிருப்பவர்கள்

கிள்ளான்,
12 அக்டோபர் 2025.

ஷாமினிக்கு,

இன்று எனக்கு எண்பத்தொரு வயது, ஏழு மாதம், மூன்று நாள். முழங்கால் நீங்கலாக மற்றவை என் சொல் கேட்கின்றன. கிளாஸ்கோவில் உனக்கும் அவ்வாறே என்று கொள்கிறேன்.

நீ அனுப்பிய கண்டனத்தை உன் தம்பி முகுந்தன் கொண்டுவந்து வாசித்துக் காட்டினான். நடந்ததை நீ முழுமையாக அறிய வேண்டும். ஆகஸ்டில் ஒரு பத்திரிகை, நல்ல பள்ளியில் இடம் பிடிக்கப் பத்துப் பெற்றோரில் நால்வர் பொய் முகவரி தருவதாக முதல் பக்கத்தில் எழுதியது. கண்டிக்கத்தான் எழுதினார்கள், ஆனால் யாராவது ஒரு உறவினரின் மின்சார பில்லே அதற்குப் போதும் என்பதையும் பொறுப்பாக விளக்கியிருந்தார்கள். அதுவரை அந்த நினைப்பே இல்லாதவர்கள், மீதி ஆறு பேரில் தாம் இருப்பதை அவமானமாகக் கருதத் தொடங்கினார்கள். எங்கள் அடுக்ககத்தில் ஓடி விளையாடும் குழந்தைகள் இருவர்; காகிதத்தில் குடியிருப்பவர்கள் இப்போது பதினொருவர். நாலாம் மாடிச் சந்திரகலா லிஃப்டில் என்னிடமே, "ஆன்டி, உங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு, ஒரு புள்ளைய பேப்பர்ல குடிவெச்சா என்ன? எல்லாரும் செய்றதுதான் லா" என்றாள்.

அடுத்த வாரம் முகுந்தன் காப்பாரிலிருந்து வந்து, தன் மகனை நீ படித்த அதே பள்ளியில் சேர்க்க என் பில்லைக் கேட்டான். "பத்துல நாலு பேரு செய்றான்னு பேப்பர்லயே போட்டுட்டான்மா, நம்ம மட்டும் ஒழுங்கா இருந்து என்ன பண்ணப் போறோம்?" என்றான். மறுத்துவிட்டேன். பையனுக்கு இங்கே இடமில்லை. அத்துடன் முடிந்திருக்கும், கேள்விப்பட்டதும் நீதான் அவனை ஏமாற்றுக்காரன் என்று எழுதினாய். "நான் என் மூளையால் அந்தப் பள்ளிக்குள் போனவள்" என்ற உன் வரியை அவன் இரண்டு முறை வாசித்தான். காப்பியைத் தொடாமல் போய்விட்டான்.

அவனிடம் மன்னிப்புக் கேள். குளிர் முற்றுமுன் பல் மருத்துவரைப் பார். நீயும் பிள்ளைகளும் குறைவின்றி இருங்கள்.

1988இல் நாம் காப்பாரில் இருந்தபோது, உன் மதிப்பெண்ணுக்காகவே பள்ளி வட்டார எல்லை தாண்டி உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். என் தோழி குமுதாவின் கிள்ளான் வீட்டில் நீ வசிப்பதாகக் கையெழுத்திட்டேன். அன்று எந்தப் பத்திரிகையும் இதைப் பற்றி எழுதவில்லை; நாட்டிலேயே நான் ஒருத்திதான் இப்படிச் செய்கிறேன் என்று நினைத்து நடுங்கினேன். மூன்றாண்டு கழித்து முகுந்தனுக்காக மறுபடி கையெழுத்திடத் துணிவில்லை. அவன் காப்பாரிலேயே படித்தான்.

அம்மா,
புஷ்பவல்லி