குட்டை ஆட்டின் மூச்சு

ஞாயிறு, இரவு

மகள் நிலாவுக்காகப் பாரிவாக்கத்தில் ஒரு குட்டை ஆட்டுக்குட்டி பார்த்தோம். கண், மூக்கு, பல், குளம்பு எல்லாம் சுத்தம். கடைசியாக அதன் நெஞ்சில் காதை வைத்தேன்.

"இன்னாம்மா, டாக்டரா நீ?" என்று விற்பவர் சிரித்தார்.

உள்ளே மெல்லிய விசில் சத்தம். நிலாவுக்கு வீசிங் வரும்போது கேட்கும் அதே சத்தம்.

"இது வேணாம்டி, இளைப்பு இருக்கு."

அவள் குட்டியை விடவில்லை. "எனக்கும்தாம்மா இருக்கு. என்னை வேணாம்னா சொன்ன?"

நாளை கால்நடை டாக்டரிடம் காட்டலாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

சற்றுமுன் வழக்கம்போல் அவள் நெஞ்சில் காதை வைத்தேன். தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்: "நான் பாஸாம்மா?"

ஆட்டு முடி அவளுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்ற பயம் இருக்கிறது. ஆனாலும் இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்ல என்னால் ஆகாது.