மோட்டார்கள் ஓய்ந்த பிறகு

பிரம்மதேசம்,
12.9.2012

அன்பும் மதிப்பும் மிக்க மகள் சங்கவிக்கு,

உன் தாய் சௌந்தரம் எழுதும் மடல். நானும் உன் தந்தையாரும் இறையருளால் நலமுடன் இருக்கிறோம். புனே நகரத்து மழையில் நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். உன் கடிதத்திற்குப் பதில் தாமதமானமைக்குப் பொறுத்தருள வேண்டும். தொலைபேசியில் கூறினால் உன் தந்தையார் குறுக்கே பேசுவார். இதுவோ முறைப்படி எழுதப்பட வேண்டிய செய்தி. நீ வாங்கி அனுப்பிய பேட்டரி வண்டி திண்டிவனம் சென்று, இடையில் நிற்காமல் வீடு திரும்பிவிட்டது மகளே! ஓட்டியவள் நான்!

சென்ற மாதம் அவ்வண்டி பாதி வழியில் நின்று, கரும்பு டிராக்டரில் ஏறி ஊர் வந்ததை நீ அறிவாய். அன்றிலிருந்து உன் தந்தையார், "இத்த வித்துட்டு ஒரு கறவ மாடு வாங்கலாம், அது பாலாவது குடுக்கும்" என்று ஓயாமல் கூறிவந்தார். இறுதியில், "ஒரே ஒரு வாட்டி நிக்காம திண்டிவனம் போய் வந்து காட்டு, நானும் பின்னால குந்திக்கினு வர்றேன். நின்னுச்சின்னா வித்துடுவேன்" என்று தீர்ப்பளித்துவிட்டார். எனக்கோ உறக்கம் போயிற்று. ஆங்கிலக் கையேட்டை அகராதியின் துணையோடு படித்தேன். குறை வண்டியிடம் இல்லை என்பது விளங்கிற்று. மும்முனை மின்சாரம் வரும்போது ஊரின் மோட்டார்கள் அத்தனையும் ஒன்றாக ஓடுகின்றன. நம் வீட்டு விளக்கு மங்குகிறது. சார்ஜர் பெயருக்கு எரிகிறதே தவிர பேட்டரி நிறைவதில்லை. ஆகவே, பக்கத்துக் கொல்லை விருத்தாசலம் அண்ணனின் தொட்டியில் நீர் விழும் ஓசை நின்ற பிறகே இணைப்புக் கொடுக்கிறேன். கட்டணம் சலுகை வரம்பைத் தாண்டாதிருக்க, துணி தேய்ப்பதையும் நிறுத்திவிட்டேன். அண்ணனோ, "இன்னாத்துக்கும்மா பேஜாரு, எங்க மோட்டார் கொட்டாயில சொருகிக்க, அங்க கரண்டு இனாம்தானே" என்றார். பயிருக்கென்று வழங்கப்பட்ட மின்சாரத்தில் நான் ஊர்வலம் போவது முறையன்று எனப் பணிவுடன் மறுத்துவிட்டேன்.

நேற்று பேட்டரியின் அளவு காட்டும் முள் உச்சியில் நிற்கப் புறப்பட்டோம். தெருமுனையில் பாஞ்சாலி பதறி விலகி, "சத்தமே இல்லாம மோகினியாட்டம் வர்றீங்களே அக்கா, அதுல அண்ணன வேற தூக்கிக்கினு போறீங்களே!" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடிற்று. திண்டிவனம் கடைத்தெருவில் உன் தந்தையார் ஒரு மூட்டை மல்லாட்டைப் புண்ணாக்கை வாங்கிக் காலடியில் வைத்தார். சோதனை என்றால் முழுச் சோதனையாம்! அதையும் சுமந்து வந்தேன். ஆயினும், நம் ஊர் ஏரிக்கரை மேட்டில் முள் சிவப்பில் சாய்ந்தது. எறும்பு எங்களை முந்தியிருக்கும். அப்போது உன் தந்தையார், "நீ நிறுத்தாத, ஓட்டிக்கினே இரு. ஏரியில எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு பாத்துட்டு வர்றேன்" என்று கூறி இறங்கிக்கொண்டார். பாரம் குறைந்ததும் வண்டி மேடேறிவிட்டது. அவர் வியர்க்க வியர்க்க நடந்து வந்து, விருத்தாசலம் அண்ணனிடம், "எங்கயும் நிக்கலப்பா, நான்தான் சாட்சி" என்று ஊர் கேட்க அறிவித்தார்.

இவ்வாண்டு மழை இன்றி அந்த ஏரிக்குள் ஆடு மேய்கிறது மகளே. அதுபற்றி நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் கேட்க வேண்டாம்.

வேளைக்கு உண், கைப்பேசியைச் செருகியபடியே உறங்கிவிடாதே. எல்லா நலமும் பெற்று நெடுநாள் வாழ எங்கள் இருவரின் ஆசிகள். அடுத்து மரக்காணம் போகலாம் என்கிறார் உன் தந்தையார். இந்தப் பேட்டரி அவ்வளவு தூரம் தாங்குமா என்று விசாரித்து, விரைவில் பதில் எழுதவும்.

இங்ஙனம்,
உன் அன்புத் தாய்,
தெ. சௌந்தரம்