கொயினாவும் கோடாங்கி வாக்கும்

கோம்பை,
தாது வருஷம், கார்த்திகை 7ஆம் தேதி,
22-11-1936

அருமை மகள் சண்முகத்தாய்க்கு உன் அய்யா பேச்சிமுத்து ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, தங்கை அக்கம்மாள், சுப்புத்தாய் அத்தை எல்லோரும் சௌக்கியம். போன கடிதத்திலும் இதே வார்த்தையைத்தான் எழுதியிருந்தேன், அப்போது அது பொய். இந்தத் தடவை மெய்யாகவே சௌக்கியம், ஏன் என்று கீழே எழுதுகிறேன். நீ ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிடுகிறாயோ என்று உன் அம்மாவுக்குக் கவலை. நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கிறவள் முதலில் தான் குடித்திருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இந்த வருஷம் நல்ல மழை. கண்மாய் நிறைந்து மறுகால் போகிறது. சோளம் கதிர் வாங்கிவிட்டது. நம் நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது, கண் திறப்பதற்குள் தேவாரத்திலிருந்து இரண்டு பேர் வந்து குட்டி கேட்டுவிட்டுப் போனார்கள். பெட்டை வேண்டாம், கடுவன்தான் வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே சொல்லாகச் சொன்னார்கள். உள்ளே இருந்து உன் அம்மா, "தோட்டத்தைக் காவல் காக்கிறது இந்தத் தாய் நாய்தான். அது காக்கிற அழகைப் பாத்துத்தானே வந்தாக, பெறகு கடுவன் எதுக்காம்?" என்றாள். வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பத்திரிகை வழக்கம்போல ஒரு நாள் பிந்தி வருகிறது. சாயங்காலம் காப்பிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான்தான் சத்தம் போட்டு வாசிக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் எல்லா ஜாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்று மகாராஜா உத்தரவு போட்டுவிட்டார் அல்லவா, நீயும் அங்கே படித்திருப்பாய். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வருகிற ஆட்கள் பத்திரிகைக்கு முந்தியே அதை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். நான் எழுந்து நின்று வாசித்தேன். சாமி யாரையும் வராதே என்று சொன்னதில்லை, கதவைச் சாத்தினவன் மனுஷன்தான் என்று என் கைச்சரக்கையும் சேர்த்துக்கொண்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாவாசி, நம் தோட்டத்தில் கமலை கட்டித் தண்ணீர் இறைக்கிறவர், "அப்ப நம்ம ஊர்க் கோயிலு எப்பங்கய்யா?" என்று கேட்டார். நான் பக்கத்தைத் திருப்பிப் பருத்தி விலையை வாசித்தேன். மலைக்கு அந்தப் பக்கத்து விஷயத்தில் உன் அய்யா பெரிய தைரியசாலி, ஆத்தா.

இன்னொரு செய்தி, வருகிற தேர்தலில் பெண்களிலும் கொஞ்சம் பேருக்கு ஓட்டு உண்டாம். அவளுக்கும் உண்டு போலிருக்கிறது என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். யாருக்குப் போட வேண்டும் என்று கேட்டாள். அதை நான் சொல்லுவேன் என்றேன். "அப்ப உங்களுக்கு ரெண்டு ஓட்டுன்னு எழுதிக்கிட வேண்டியதுதானே, என்னய எதுக்கு வெயில்ல நடக்கச் சொல்றீக?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். பெண் விடுதலை பற்றி நான் காப்பிக்கடையில் பேசுவதை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது எனக்கும் நல்லதுதான்.

இனி உள்ள செய்தியைச் சொல்கிறேன். பயப்படாமல் படி, முடிவு நல்ல முடிவு. ஐப்பசி பிறந்த சமயம் அக்கம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணி அடித்தால் போதும், பல் கிட்டுகிற குளிர், மூன்று கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடும், பிறகு நெருப்பாய்ச் சுட்டு, வேர்த்து விடும். முறைக்காய்ச்சல் கொசுக்கடியால் வருவது, தபாலாபீசிலேயே அதற்கு மருந்து, கொயினாப் பொட்டலம் விற்கிறார்கள், வாங்கிக் கொடுங்கள் என்று நீ போன வருஷம் விவரமாக எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் காப்பிக்கடையில் நாலு நாள் வாசித்தேன், நானே கண்டுபிடித்த மாதிரி. ஆனால் காய்ச்சல் நம் வீட்டுக்குள் வந்தபோது மழைக் காய்ச்சல், தானாக விட்டுவிடும் என்று சொல்லி இரண்டு வாரத்தைப் போக்கினேன். அதற்குள் பிள்ளை ஈர்க்குச்சியாகிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் உனக்குச் சௌக்கியம் என்று எழுதினேன்.

சுப்புத்தாய் அத்தை, இது காய்ச்சல் இல்லை, வீட்டில் ஏதோ குற்றம் இருக்கிறது, கோடாங்கி ஒச்சாண்டியிடம் குறி கேட்டே தீர வேண்டும் என்று நின்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை, சும்மா கேட்டுவைப்போமே என்று போனேன். நம்பிக்கை இல்லாதவன் வெற்றிலை பாக்கெல்லாம் வாங்கிக்கொண்டு போவானா என்று நீ கேட்பாய், கேட்காதே. ஒச்சாண்டி உடுக்கை அடித்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் ஆடிவிட்டுச் சொன்ன வாக்கு இது: "மூத்தது எங்க? கல்யாணம் ஆகாத புள்ள, பட்டணத்துல ஊரான் உடம்பத் தொட்டுத் தொடைக்குது. ஜக்கம்மா மனசு நோகுது. எட்டு நாளைக்குள்ள அந்தப் புள்ள இங்கன வந்து வாசல மிதிக்கணும். இல்லேன்னா சின்னதக் கேப்பா."

உன்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியதற்காக இரண்டு வருஷமாக ஊரில் நான் கேட்காத பேச்சு இல்லை. பெண்ணை விற்றுவிட்டான் என்றார்கள், இனி எவன் கட்டுவான் என்றார்கள். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த உடுக்கைச் சத்தத்தில் எல்லாப் பேச்சும் ஒன்றாய்ச் சேர்ந்து என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்ததும் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். தங்கைக்கு உடம்பு சரியில்லை, படித்தது போதும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா என்று எழுதி, மடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

உன் அம்மா வாசலில் நின்று, படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். முழுவதும் கேட்டாள், முகத்தில் கோபம் இல்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கீக. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. கோடாங்கி சொன்னாரு, அதனால கூப்பிடுறேன்னு எழுதலையே. அதையும் எழுதிக் கீழ உங்க பேரப் போடுங்க. நானே கொண்டுபோயித் தபால்ல சேக்குறேன்" என்றாள். பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். 'கோடாங்கி' என்று எழுதினேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. நீ அதை அங்கே, உன் கூடப் படிக்கிற பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து வாசிப்பதை நினைத்துப் பார்த்தேன். என் மகளுக்கு நான் எழுத வெட்கப்படுகிற காரணம் எப்படிச் சரியான காரணமாக இருக்கும்? பேனாவை மூடி வைத்தேன். உன் அம்மா, "சட்டையக் கழட்டாதீக, தபாலாபீசுக்குப் போகத்தான் வேணும். கொயினா வாங்கிட்டு வாங்க" என்றாள்.

பொட்டலத்தில் அச்சடித்திருந்தபடியே கொடுத்தோம். வேப்பங்காய் அதற்குத் தேன் என்று சொல்லலாம், அவ்வளவு கசப்பு. அக்கம்மாள் முதல் வேளை துப்பிவிட்டாள். உன் அம்மா வெல்லத்தில் பொதிந்து விழுங்க வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் பிள்ளை திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, காதுக்குள்ள வண்டு கத்துது" என்று அழுதாள். உடனே அத்தை, "வந்துட்டா, ஜக்கம்மா கேக்க வந்துட்டா! அந்த மருந்தத் தூக்கி எறிங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அதை நம்பிவிட்டேன். உன் அம்மா கையில் அடுத்த வேளை மருந்து இருக்கிறது, கொடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. அப்போதுதான் நான் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன். நாலு நாள் ஊருக்கு வாசித்தவன், இந்த ஒரு வரியை மட்டும் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன். 'கொயினா சாப்பிட்டால் காது இரையும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், மருந்து முடிந்ததும் சரியாகிவிடும்' என்று எழுதியிருக்கிறாய். சத்தமாக இரண்டு தடவை வாசித்தேன். உன் அம்மா மருந்தைக் கொடுத்தாள்.

மறுநாள் காய்ச்சல் முறை. சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். கம்பளிகளைத் தயாராக மடித்து வைத்திருந்தோம். என் கைக்கடிகாரத்தில் இரண்டு ஆயிற்று, இரண்டேகால் ஆயிற்று. நின்றுவிட்டதோ என்று கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். இரண்டரைக்கு அக்கம்மாள் புரண்டு படுத்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "எல்லாரும் எதுக்கு இப்படி என்னயவே பாக்குறீக? எனக்குப் பசிக்குது" என்றாள். அத்தைதான் முதலில் அழுதாள், பிறகு அடுப்படிக்கு ஓடினவளும் அவள்தான். அதற்கப்புறம் காய்ச்சல் வரவில்லை, கோடாங்கி சொன்ன எட்டு நாள் கெடுவும் தாண்டிவிட்டது. இப்போது இரண்டு வேளை களியும் நடுவில் முறுக்கும் தின்கிறாள். 'எங்க சண்முகத்தாயி அப்பவே எழுதியிருந்தா, காது இரையும்னு' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது வேறு யாரும் இல்லை, சுப்புத்தாய் அத்தைதான்.

இதற்கு நடுவில் உன் அம்மா ஜக்கம்மாவுக்குப் பொங்கலும் வைத்தாள். காய்ச்சலை விரட்டியது மருந்தா சாமியா, ஒன்றைச் சொல்லு என்று நான் விஞ்ஞானியைப் போலக் கேட்டேன். "ரெண்டு பேரும் கூப்பிட்ட கொரலுக்கு வந்தாக. வந்தவுகள வாசல்ல நிறுத்தி, நீ முதல்ல வந்தியா நீ முதல்ல வந்தியான்னா கேக்குறது? உக்கார வச்சுச் சோறுல்ல போடணும்" என்றாள். பத்திரிகையில் இதற்குப் பதில் வந்தால் வெட்டி வைக்கிறேன்.

கேள், முந்தாநாள் காலையில் கொல்லைப்புறம் வழியாக ஒரு ஆள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். யார் என்று பார்த்தால் ஒச்சாண்டி. அவருக்கும் முறைக்காய்ச்சல். தபாலாபீசில் போய் நின்றால் ஊர் பார்க்குமாம், பொட்டலம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். ஜக்கம்மாவிடம் கேட்டீரா என்று என் வாய் சும்மா இருக்கவில்லை. "சாமிக்குக் காய்ச்ச வராதுய்யா, கோடாங்கிக்கு வரும்ல" என்றார். உன் அம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் பொட்டலத்தைக் கொடுத்து, காது இரையும், பயந்துவிடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினாள். போகிறவர் திரும்பி நின்று, மூத்த பிள்ளை பேறுகாலமும் பார்க்குமா, எப்போது வரும், தன் மகளுக்கு மாசியில் பேறுகாலம் என்று கேட்டார். படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, முடித்துவிட்டுத்தான் வருவாள், மாசிக்கு வரமாட்டாள் என்றேன். கொஞ்சம் யோசித்து, "சரி, அடுத்த பேறுகாலத்துக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே ஆத்தா, உன்னை வரச்சொல்லி எழுதிய கடிதம் ஒன்று இருந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். அது உன் கைக்கு வரவில்லை, ஆனால் எழுதியது நான்தான். பெற்றவன் பிள்ளையிடம் இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ எதற்கும் பின்வாங்காமல் படி. வாரம் ஒரு தடவை தலைக்கு எண்ணெய் வை. பட்டணத்திலும் கொசு உண்டு என்று கேள்விப்படுகிறேன், ஊருக்குச் சொல்கிறவள் நீயும் வலை கட்டிப் படு. பரீட்சை எந்தத் தேதி என்று மறக்காமல் எழுது, உன் அம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டாள்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே அக்கம்மாளுக்குத் தலை சீவி முடித்தாள். பிறகு, "எல்லாம் சரிதான். ஆனா நான் என்னமோ துணிஞ்சவ மாதிரி எழுதியிருக்கீக. உங்கள அன்னைக்குத் தபாலாபீசுக்கு அனுப்பிட்டு நான் மாட்டுக் கொட்டத்துக்குள்ள போயி நின்னு அழுதேன். அந்தக் கோடாங்கி சொன்னது பலிச்சுப்போனா ரெண்டு புள்ளைக்கும் நான் என்ன பதில் சொல்லுவேன்னு அழுதேன். அதையும் எழுதுங்க, அவளுக்குத் தெரியட்டும்" என்றாள். எனக்கே இப்போதுதான் தெரியும். எழுதிவிட்டேன்.

நோயில்லாமல், குறைவில்லாமல், எடுத்த படிப்பை முடித்து நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்

உன் அய்யா,
பேச்சிமுத்து

பக்கத்தில் இருந்து சொன்னது, உன் அம்மா பொன்னாத்தாள்.